கரையில் மூட்டிய நெருப்பு: தற்கொலையும் மீட்பின் நம்பிக்கையும்



ஓர் ஊரின் பெயருக்குள் சில வேளைகளில் ஒரு பெரும் வினாவும் அதற்குரிய விடையும் ஒருங்கே அடங்கிக் கிடப்பதுண்டு. வடசென்னையின் இராயபுரம் அத்தகையதோர் ஊர். பேதுரு என்று இன்று வழங்கும் திருத்தூதரைப் பழைய தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்றழைத்தனர். அப்பெயரே இராயபுரம் என ஊருக்கு அமைந்தது என்பர். சென்னைக்குத் துறைமுகம் அமையாதிருந்த காலத்தில், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து சரக்கையும் பயணிகளையும் அலைகளினூடே கரை சேர்த்தவர்கள் படகோட்டிகள். அவர்களுள் குருகுல வம்சத்துக் கத்தோலிக்கர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பிய ஆலயமே இராயபுரத்துப் புனித இராயப்பர் ஆலயம். மீனவரான இராயப்பரைக் கடலை நம்பி வாழ்ந்தோர் தம் காவலராகக் கொண்டது இயல்பே. எனினும் இராயப்பர் மீனவர் மட்டுமல்லர். தம் தலைவரை மூன்று முறை மறுதலித்து, மனம் வெதும்பி அழுதவர். அழுத பின்னும் வாழ்ந்தவர். இந்த இறுதிச் செய்தியே இவ்வுரையின் பொருளுக்கு அடித்தளமாகிறது.

தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்க்கு மீட்பு உண்டா? இவ்வினா இறையியல் கல்லூரிகளின் வகுப்பறைகளில் மட்டும் எழுவதன்று. காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் ஆண்டுதோறும் நவம்பர் இரண்டாம் நாள், கல்லறைத் திருநாளன்று, மெழுகுதிரி ஏற்றி மாலையிட்டு நிற்கும் கூட்டத்தினிடையே இவ்வினாவை வாய்விட்டுக் கேளாமல் நெஞ்சுக்குள் சுமந்து நிற்கும் தாய்மார் உளர். ஏனைய கல்லறைகளின்முன் நிற்போர் பிரிவை எண்ணி வருந்துகின்றனர். இவர்களோ பிரிவோடு அச்சத்தையும் சேர்த்துச் சுமக்கின்றனர். மகன் எங்கே இருக்கிறான் என்னும் அச்சம் அது. அவ்வச்சத்துக்குத் திருச்சபை என்ன மறுமொழி தந்தது, இன்று என்ன தருகிறது என்பதை ஆராய்வது பயனுடையது.

திருவிவிலியம் காட்டும் மரணங்கள்

தற்கொலை என்னும் சொல்லை எடுத்தோதி அதற்கெனத் தனித் தண்டனை விதிக்கும் வசனம் எதுவும் திருவிவிலியத்தில் இல்லை என்பது பலர்க்கு வியப்பளிக்கக்கூடும். தன்னுயிரை மாய்த்துக்கொண்டோர் சிலரின் வரலாறுகளோ உள்ளன. போர்க்களத்தில் தன் வாளின்மேல் வீழ்ந்த சவுல் மன்னனுக்காகத் தாவீது புலம்பல் பாடினான்; பழித்துரைக்கவில்லை. தன் ஆலோசனை ஏற்கப்படாததால் உயிர்விட்ட அகித்தோப்பேல் தன் தந்தையின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டான் என்று சாமுவேலின் இரண்டாம் நூல் கூறுகிறது. அவனுக்குக் குடும்பக் கல்லறையின் வாயில் அடைக்கப்படவில்லை.

சாவை வேண்டி நின்றோரும் உளர். எலியா தீர்க்கதரிசி பாலைவனத்தில் ஒரு செடியின் நிழலில் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு இறைவனை வேண்டினார். அவரிடம் வந்த தூதர் அறவுரை கூறவில்லை, கண்டிக்கவும் இல்லை. சுட்ட அப்பமும் குடிக்க நீரும் தந்து, உறங்கவிட்டு, மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்தார். இறைவன் எலியாவுடன் உரையாடியது அதன் பின்னரே. துயருற்றவனுக்கு முதலில் வேண்டுவது எது என்பதை இந்நிகழ்ச்சி சொல்லாமற் சொல்கிறது.

திருத்தூதர் பணிகள் நூலில் வரும் பிலிப்பி நகரச் சிறைக்காவலனின் வரலாறு இன்னும் நுட்பமானது. நிலநடுக்கத்தில் சிறைக் கதவுகள் திறந்தன. கைதிகள் தப்பியிருப்பர் என அஞ்சி அவன் வாளை உருவினான். இருளுக்குள்ளிருந்து பவுல் உரத்த குரலில் அவனைத் தடுத்து, எல்லாரும் அங்கேயே இருப்பதாக அறிவித்தார். அதன் பின்னரே அக்காவலன் நடுங்கியவாறு வந்து, மீட்படையத் தான் செய்ய வேண்டியது யாது என வினவினான். கிறித்தவ உலகம் ஈராயிரம் ஆண்டுகளாகக் கேட்டுவரும் அவ்வினாவை இங்கே கேட்டவன், கணப்பொழுதுக்கு முன்னர்த் தன்னுயிரைப் போக்கத் துணிந்தவன். அவனைக் காத்தது, அருகில் மனிதர் இருக்கின்றனர் என்று அறிவித்த ஒரு குரல்.

கதவு அடைக்கப்பட்ட வரலாறு

அவ்வாறாயின் கல்லறைத் தோட்டத்தின் கதவு அடைக்கப்பட்டது எப்போது? கி.பி. 410இல் உரோமை நகர் சூறையாடப்பட்டபோது மானபங்கத்துக்கு ஆளான பெண்கள் உயிர்விட்டிருக்க வேண்டும் எனச் சிலர் பேசினர். அதற்கு மறுமொழியாகவே புனித அகுஸ்தீனார் தம் 'இறைவனின் நகரம்' என்னும் நூலின் முதற்பகுதியில் இப்பொருளை விரிவாக எடுத்துரைத்தார். பிறர் இழைத்த தீங்குக்காகப் பாதிக்கப்பட்டவள் தன்னைத் தண்டித்துக்கொள்ளல் ஆகாது. கொலையை விலக்கும் கட்டளை தன்னுயிருக்கும் பொருந்தும் என்பது அவர் வாதம். அதன் தோற்றுவாய் உயிர்பிழைத்த பெண்களுக்கு அரணாக அமைந்தது என்பதை மறத்தலாகாது. அவர் காலத்து வட ஆப்பிரிக்காவில் மறைசாட்சி மரணம் எனக் கருதி உயிரைத் தாமே போக்கிக்கொண்ட தீவிரக் குழுவினரும் இருந்தனர். அவர்களைத் தடுக்கும் தேவையும் அவருக்கு இருந்தது.

ஆயின் அரணாக எழுந்த கருத்து பின்னாளில் தண்டனையாக இறுகியது. ஆறாம் நூற்றாண்டில் பிராகா நகரில் கூடிய சங்கம், தன்னுயிர் மாய்த்தோர்க்கு வழிபாட்டு மரியாதைகளுடன் அடக்கம் செய்வதை மறுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் மூன்று காரணங்களை முறைப்படுத்தினார். தற்கொலை, தன்னைப் பேணும் இயல்புக்கு மாறானது. சமூகத்துக்கு இழைக்கும் அநீதி. உயிரை ஈந்த இறைவனின் உரிமையைப் பறிப்பது என்பன அவை. கவிஞர் தாந்தே தம் காவியத்தின் நரகப் பகுதியில் தன்னுயிர் மாய்த்தோரைப் பேசும் மரங்களாகப் படைத்தார். அதே தாந்தே, தற்கொலை செய்துகொண்ட உரோமானியன் கேட்டோவைத் தூய்மை பெறும் மலையின் காவலனாக நிறுத்தினார் என்பதும் கருதத்தக்கது. சட்டத்துக்கு அடங்காத ஏதோ ஒன்றை அக்கவியுள்ளம் உணர்ந்திருந்தது போலும்.

இங்கிலாந்தில் இத்தகையோரை நாற்சந்தியில் மார்பில் கழு அறைந்து புதைக்கும் கொடுமை 1823ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒழிந்தது. 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் பொதுச் செப நூல், அடக்க ஆராதனையைத் தன்மீது கைவைத்தோர்க்கு நடத்தலாகாது என விதித்தது. கேரளத்துக் கிறித்தவர் வழக்கில் இத்தகையோர்க்கென ஒதுக்கப்பட்ட இடம் 'தெம்மாடிக் குழி' எனப்பட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும், தெளிந்த மனத்துடன் தன்னுயிர் மாய்த்தோர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது.

இத்தண்டனையைச் சுமந்தவர் யார்? இறந்தவர் அல்லர். கதவுக்கு வெளியே நின்ற மனைவியும் மக்களுமே. ஆகவே குடும்பங்கள் உண்மையை மறைத்தன. கால் தவறிக் கடலில் விழுந்தான் என்றும், காய்ச்சலில் போனான் என்றும் சொல்லின. துயரத்தைச் சொல்லி அழும் உரிமையும் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது.

கதவு திறந்த விதம்

இவ்விறுக்கத்தினிடையேயும் வேறு குரல்கள் ஒலித்தன. தற்கொலை செய்தோர் உறுதியாகத் தண்டனைக்கு உள்ளாவர் எனத் தாம் கருதவில்லை என்று மார்ட்டின் லூத்தர் தம் உரையாடல்களில் கூறியுள்ளார். வழிப்பறிக்காரனிடம் காட்டில் சிக்கி உயிரிழந்தவனை அவர் உவமையாகக் காட்டினார். பிரான்சு நாட்டில் ஆர்ஸ் என்னும் சிற்றூரின் பங்குக் குருவாயிருந்த புனித ஜான் மரிய வியானி (1786–1859) குறித்த நிகழ்ச்சி புகழ்பெற்றது. பாலத்திலிருந்து குதித்து இறந்த ஒருவரின் மனைவி ஆறுதலற்று வந்து நின்றாள். பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கும் நீருக்கும் இடையே மனம் வருந்துவதற்கு அவனுக்குப் பொழுதிருந்தது என்று அக்குரு அவளுக்குரைத்தார். இடைவெளி சிறிது, இறைவனுக்கு அது போதும் என்பதே அச்சொல்லின் பொருள்.

இருபதாம் நூற்றாண்டில் உளமருத்துவம் வளர்ந்தது. மனச்சோர்வு என்பது மனவுறுதிக் குறைவன்று, நோய் என்பது தெளிவாயிற்று. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அடக்கம் மறுக்கப்படுவோர் பட்டியலிலிருந்து தற்கொலை செய்தோரை நீக்கியது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2280 முதல் 2283 வரையுள்ள பத்திகளில் இப்பொருளைப் பேசுகிறது. உயிர் மனிதனின் உடைமையன்று, அவனிடம் ஒப்படைக்கப்பட்டது; எனவே தற்கொலை பெரும் பிழை என்பதை அது கைவிடவில்லை. ஆயினும் கடும் உளக்கோளாறு, வேதனை, பேரச்சம் ஆகியவை பொறுப்பைக் குறைக்கும் என்றது. இத்தகையோரின் நிலைவாழ்வு பற்றி நம்பிக்கை இழத்தலாகாது. இறைவன் தாம் மட்டுமே அறிந்த வழியில் மனமாற்றத்துக்கு வாய்ப்பளிக்க வல்லவர். திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் மொழிந்தது.

பழைய மறைக்கல்வியில் பயின்றோர்க்கும் இது புதிதன்று. சாவான பாவம் ஆவதற்கு மூன்று வேண்டும் என அக்காலக் கோவிற்பிள்ளைகளே கற்பித்தனர்: கனமான விடயம், முழு அறிவு, முழுச் சம்மதம். கனமான விடயம் என்பதில் ஐயமில்லை. நோயால் அறிவு மங்கியவனிடம், வேறு வழியே தென்படாதவனிடம், முழுச் சம்மதம் இருந்தது என்று துணிந்துரைக்க வல்லவர் யார்? கோட்பாடு மாறவில்லை, கோட்பாட்டுக்குள் எப்போதும் இருந்த கருணை, நடைமுறைக்கு வந்தது எனல் பொருந்தும்.

இரண்டு தடைகள்

இதற்கு இரண்டு தடைகள் எழுப்பப்படுவதுண்டு. முதலாவது, தற்கொலை செய்தவன் மனந்திரும்பப் பொழுதின்றி இறக்கிறான். மனந்திரும்பாதவனுக்கு மன்னிப்பில்லை என்பது. சீர்திருத்தச் சபைகளிலும் பெந்தெகோஸ்து சபைகளிலும் இவ்வாதம் இன்றும் கேட்கப்படுகிறது. காசிமேட்டிலிருந்து விடியுமுன் கட்டுமரமோ விசைப்படகோ ஏறிச் சென்று, திடீர்ச் சுழலில் அகப்பட்டு மூழ்கியவனுக்கும் பாவ அறிக்கை செய்யப் பொழுதில்லை. முந்தின இரவு அண்டை வீட்டானோடு பகைத்துக்கொண்டு போயிருக்கவும் கூடும். அவனுக்கு எவரும் நரகம் விதிப்பதில்லை. மீட்பு கடைசி நொடியின் சொல்லில் தொங்குவதாயின், அது இறைவனின் கொடையாகாது. மனிதனின் நினைவாற்றலுக்கு வைத்த தேர்வாகிவிடும். சிலுவையின் பயனை நம்புவோர் இவ்வளவு மெல்லிய நூலில் அதைக் கட்டித் தொங்கவிடல் இயலாது.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. நம்பிக்கை உண்டு என்று சொன்னால், துயருற்றோர் அவ்வழியே செல்லத் துணியமாட்டாரா என்பது. இது புறக்கணிக்கத்தக்க ஐயமன்று. நரகத்துக்கு அஞ்சியே ஓர் இரவைக் கடந்து உயிர்பிழைத்தோர் இருக்கலாம். ஆயினும் அச்சம் வாயையும் அடைக்கிறது. சாக வேண்டும் என்னும் எண்ணமே பெரும்பாவம் என்று அஞ்சுபவன் அதைப் பங்குத் தந்தையிடமோ ஆயரிடமோ மனைவியிடமோ சொல்லான். சொல்லப்படாத எண்ணம் தனிமையில் வளரும். ஆகவே திருச்சபை இரு சொற்களை இரு திசை நோக்கிச் சொல்ல வேண்டியுள்ளது. வாழ்வோரை நோக்கி, போகாதே, உன் உயிர் விலை மதிப்பற்றது என்பது. பிரிந்தோரின் வீட்டாரை நோக்கி, நம்பிக்கை இழக்காதே, தீர்ப்பு மனிதர் கையில் இல்லை என்பது. இவ்விரண்டும் முரண்பட்டவையல்ல. ஒரே அன்பு இருவரிடம் பேசும் இருவகைப் பேச்சு.

தமிழ் மரபில் இதன் எதிரொலி

இவ்வுண்மையைத் தமிழிலக்கியம் அறியாததன்று. இராயபுரத்துக்கு வடக்கே திருவொற்றியூரில், சக்கரப்பாடித் தெருவில் வாழ்ந்தவர் கலிய நாயனார். அவர் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியுள்ளார். எண்ணெய் வாணிகரான அவர் கோயிலில் இரவும் பகலும் விளக்கெரித்தார். செல்வம் தேய்ந்தது. கூலிக்குச் செக்காடினார், மனையையும் விற்றார், இறுதியில் எதுவுமின்றி, எண்ணெய்க்கு மாற்றாகத் தம் குருதியையே வார்க்கத் துணிந்து மிடற்றில் கருவியை வைத்தார். அப்போது இறைவனின் கை அவர் கையைப் பற்றித் தடுத்தது. நாயனாரின் செயல் பக்தியின் எல்லை, மனச்சோர்வின் விளைவன்று. எனினும், இறைவன் எண்ணெயின்றி அணையும் விளக்கைப் பொறுப்பார், அடியவன் உயிர் அணைவதைப் பொறார் என்னும் கருத்து சமய எல்லை கடந்து ஒளிர்வது.

கிறித்தவத் தமிழிலும் ஒரு சான்று உண்டு. எச்.ஏ. கிருஷ்ணப்பிள்ளை (1827–1900) இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' ஜான் பனியன் எழுதிய 'மோட்சப் பயணம்' என்னும் நூலைத் தழுவியது. 1678இல் வெளிவந்த அம்மூல நூலில், நம்பிக்கையின்மை என்னும் பெயருடைய அரக்கன் இரு பயணிகளைத் தன் கோட்டையில் சிறையிட்டுப் பட்டினி போட்டு அடிக்கிறான். பின்பு, உயிரை மாய்த்துக்கொள்வதே நல்லது என அறிவுரை கூறுகிறான். கதைத்தலைவனான கிறிஸ்தியான் ஊசலாடுகிறான். நம்பிக்கை என்னும் பெயருடைய தோழனே அவனைத் தாங்குகிறான். பின்னர், வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்தது கிறிஸ்தியானுக்கு நினைவுக்கு வருகிறது. திறவுகோல் அவனிடம் இருந்தது. ஆயினும் அது நினைவுக்கு வரும்வரை அவனை உயிரோடு வைத்தது தோழனின் துணை.

யூதாசும் இராயப்பரும்

இனி, ஊரின் பெயருக்குத் திரும்பலாம். ஒரே இரவில் இருவர் தலைவரைக் கைவிட்டனர். யூதாசு முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்தான். இராயப்பர் அச்சத்தால் மறுதலித்தார். இருவரும் வருந்தினர். யூதாசு வருந்தவில்லை என்பது பொதுவான எண்ணம். மத்தேயு நற்செய்தியோ அவன் மனம் வருந்திக் காசுகளைத் திருப்பிக் கொண்டுவந்து, தான் பாவம் செய்ததாகத் தலைமைக் குருக்களிடம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டான் என்கிறது. அவனுடைய பாவ அறிக்கையைக் கேட்ட குருக்களோ, அது தங்களைச் சேர்ந்ததன்று எனக் கைவிரித்தனர். கேட்பதற்கென்றே அமர்த்தப்பட்டோர் கேளாது விட்டனர். அவன் தனியே சென்றான். இராயப்பர் அழுதார், ஆனால் தோழர்களோடு இருந்தார். பின்பு தோழர்களோடு மீன்பிடிக்கச் சென்று, இரவெல்லாம் ஒன்றும் அகப்படாமல் திரும்பும் விடியலில், கரையில் கரி நெருப்பு மூட்டி மீன் சுட்டு ஒருவர் காத்திருப்பதைக் கண்டார். மும்முறை மறுதலித்தவரிடம் மும்முறை அன்பு வினவப்பட்டது. கடலோர மக்கள் நன்கு உணரும் காட்சி இது: வெறும் வலையோடு வந்தவனுக்கும் கரையில் உணவு உண்டு.

இருவருக்கும் இடையிலான வேறுபாடு பாவத்தின் அளவிலன்று; ஏற்பதற்கு ஆள் இருந்ததா என்பதில் உள்ளது. யூதாசின் முடிவு குறித்தும் திருச்சபை இறுதித் தீர்ப்புரைத்ததில்லை. எந்தத் தனிமனிதரும் நரகத்தில் இருப்பதாக அது அறிவிப்பதில்லை. பிரான்சில் வெசலே நகரின் பன்னிரண்டாம் நூற்றாண்டு ஆலயத் தூண் ஒன்றின் தலைப்பகுதியில் ஒருபுறம் இறந்த யூதாசும், மறுபுறம் அவன் உடலைத் தோளில் சுமந்து செல்லும் ஒருவரும் செதுக்கப்பட்டுள்ளனர். சுமப்பவர் நல்லாயனே என்னும் விளக்கத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் (1936–2025) விரும்பி எடுத்துரைத்தார்.

செயலாகும் நம்பிக்கை

ஏற்கும் செவியே மீட்பின் முதல் அடையாளம் எனின், அதைச் செயற்படுத்தியோரும் உளர். 1935இல் இங்கிலாந்தில் சாட் வாரா என்னும் ஆங்கிலிக்கன் இளங்குரு, தன்னுயிர் மாய்த்துக்கொண்ட பதினான்கு வயதுச் சிறுமியின் அடக்கத்தை நடத்தினார். பூப்பெய்தியதைத் தீயநோய் எனத் தவறாக அஞ்சி, கேட்டறிய ஒருவருமின்றி அவள் மாண்டாள். அந்நினைவு அகலாத அவர் 1953இல் இலண்டனில் ஓர் ஆலயத்திலிருந்து, துயருற்றோர் தொலைபேசியில் பேசுவதற்கான 'சமாரிட்டன்ஸ்' அமைப்பைத் தொடங்கினார். சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய 'ஸ்நேகா' அமைப்பு அதே நோக்கில் சமயச் சார்பின்றி இயங்கிவருகிறது.

நாட்டின் சட்டமும் இதே திசையில் நடந்துள்ளது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வலுவிழக்கச் செய்தது. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அப்பிரிவைப் பொதுக் குற்றமாகக் கொள்ளாது விட்டது. முயன்று பிழைத்தவன் இனிக் குற்றவாளியல்லன். உதவி பெற உரியவன்.

வடசென்னையின் கரையோர வாழ்வு எளிதன்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, 2017 சனவரியில் எண்ணூரை ஒட்டிய கடலில் கப்பல்கள் மோதிப் பரவிய எண்ணெய், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கழிமுகத்தில் படர்ந்த எண்ணெய்ப் படலம் ஆகியவை வலையையும் படகையும் வருவாயையும் பாழாக்கின. கடனும் குடியும் நோயும் வேலையின்மையும் ஒன்றோடொன்று பின்னும்போது மனம் உடையலாம். ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் காண்பது அரிது. ஆலயங்கள் செய்யத்தக்கவை பெரியனவல்ல. தன்னுயிர் மாய்த்தோர் பெயரையும் இறந்தோர் மன்றாட்டில் தயக்கமின்றி வாசித்தல். அடக்க நாளில் மறையுரையைத் தீர்ப்பாக்காதிருத்தல். மாதங்கள் கழிந்தும் அவ்வீட்டுக்குச் செல்லுதல். சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அஞ்சாது அமர்ந்து கேட்டல். அரசின் மனநல உதவி எண் 14416, மருத்துவ உதவி எண் 104 ஆகியவற்றை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தல். எலியாவுக்குத் தூதர் தந்த அப்பமும் நீரும் இவ்வடிவில் வரலாம்.

தன்னுயிர் மாய்த்தோர் மீட்படைந்தனர் என்று உறுதிகூற எவர்க்கும் அதிகாரமில்லை. மீட்படையவில்லை என்று கூறவும் எவர்க்கும் அதிகாரமில்லை. இவ்விரண்டுக்கும் இடையே எஞ்சுவது நம்பிக்கை. கிறித்தவம் அதை ஐயம் என்று எண்ணுவதில்லை, அறம் என்றே எண்ணுகிறது. கல்லறைத் திருநாளில் காசிமேட்டில் நிற்கும் தாய் தன் மகனுக்கென ஏற்றும் மெழுகுதிரி ஏனையோர் ஏற்றுவதினின்றும் வேறானதன்று. அத்திரியை அவள் தலைநிமிர்ந்து ஏற்றுவதற்குரிய இடத்தை அளித்தலே இராயப்பர் பெயர் தாங்கிய ஊருக்கு உகந்த தொண்டாகும்.